நிணநீர் முடிச்சு மாற்று அறுவைக்கு உடற்கூறு படிப்பது எப்படி?

காலில் முள் குத்திச் சீழ் வைத்தால் தொடையிடுக்கில் நெறி கட்டும் என்பது மருத்துவம் படிக்காதவர்களுக்கும் தெரியும். கையில் புண் வந்தால் அக்குளில் கட்டும். பல் சொத்தையானால் தாடைக்கடியில் கட்டும். உடலின் எந்தப் பகுதியின் நிணநீர் எந்த முடிச்சில் போய் வடிகிறது என்ற பாடத்தின் சாரம் இந்த அனுபவத்திலேயே இருக்கிறது. இருந்தும், நிணநீர் தேங்கி வீங்கிய கையிலோ காலிலோ வேறிடத்து முடிச்சை இரத்தக் குழாய்களோடு கொண்டுவந்து பொருத்தும் நிணநீர் முடிச்சு மாற்று அறுவையைக் கற்கத் தொடங்கும் இளம் அறுவை மருத்துவர்கள் பெரும்பாலும் தமனியிலிருந்துதான் தொடங்குகிறார்கள்: எந்தத் தமனி, எத்தனை மில்லிமீட்டர் விட்டம், காம்பு, அதாவது திசுவோடு சேர்த்து எடுக்கும் இரத்தக் குழாய், எவ்வளவு நீளம் என்று. இரத்தக் குழாயோடு எடுத்து வேறிடத்தில் வைக்கும் மற்றத் திசுத் துண்டுகளுக்கு, அதாவது மடல்களுக்கு, அந்த வரிசை சரியானதே. இந்த அறுவைக்கு அது போதாது. இங்கே நாம் எடுக்கும் ஒவ்வொரு முடிச்சும் ஏற்கெனவே ஏதோ ஒரு பகுதிக்கு வடிகாலாக இருந்துவருகிறது. அந்தப் பகுதி எதுவென்று அறியாமல் கத்தி வைத்தால், ஒருவருடைய கையின் வீக்கத்தைக் குறைக்கப் போய் அவருடைய காலில் புதிய வீக்கத்தை உண்டாக்கிவிட நேரும்.

ஆகையால் வடிகாலை முதலிலும் தமனியை அடுத்தும் வைத்தே இந்த வழிகாட்டியை எழுதியிருக்கிறேன். நுண்ணறுவைப் பயிற்சியில் சேர்ந்திருப்பவர்களையும், உடற்கூறு மேசையில் இந்தப் பகுதிகளைப் பிரித்துப் பார்க்க விரும்பும் முதுநிலை மாணவர்களையும் மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். தமிழில் நிலைபெற்ற சொல் உள்ள உறுப்புகளுக்கு அதையும், மற்றவற்றுக்கு அறுவை அரங்கில் வழங்கும் பெயரையும் பயன்படுத்துகிறேன்.

முடிச்சுக்குள் நடப்பது

நிணநீர் முடிச்சு அவரை விதை வடிவத்தில், மெல்லிய உறைக்குள் இருக்கும். அதன் குவிந்த பக்கத்தில் பல உள்வரு நாளங்கள் வந்து சேரும். குழிந்த பக்கமான ஹைலம் வழியாக ஒன்றிரண்டு வெளிச்செல் நாளங்கள் புறப்படும். தமனி நுழைவதும் சிரை வெளியேறுவதும் இதே ஹைலத்தில்தான். இந்த அமைப்பை மனத்தில் வைத்தால், முடிச்சைச் சுற்றியுள்ள கொழுப்பை ஏன் வழித்தெடுக்கக் கூடாது என்பது தானே விளங்கும். கொழுப்போடு சேர்த்து ஹைலத்தின் நுண்குழாய்களும் போய்விடும். காம்பு நன்றாகத் துடித்துக்கொண்டிருந்தாலும் உள்ளே இருக்கும் முடிச்சு இறந்துவிடும்.

முடிச்சு வெறும் வடிகட்டி அன்று. வயது வந்த ஒருவரின் உடலில் ஒரு நாளைக்குச் சுமார் 8 லிட்டர் நிணநீர் முடிச்சுகளை வந்தடைகிறது என்றும், அதில் ஏறத்தாழப் பாதி நீர் முடிச்சுகளுக்குள்ளேயே இரத்தத்தால் உறிஞ்சப்பட்டுவிடுகிறது என்றும் உடலியல் கணிப்புகள் கூறுகின்றன. எஞ்சியதில் பெரும்பகுதி மார்பு நாளத்தின் வழியாக இடது கழுத்தின் பெருஞ்சிரைகளை அடைகிறது. ஆகவே முடிச்சு என்பது நிணநீருக்கும் இரத்தத்துக்கும் இடையிலான ஒரு கதவாகவும் இருக்கிறது. இரத்தக் குழாய்களோடு முடிச்சை எடுத்து வீங்கிய உறுப்பில் பொருத்தினால் அது எப்படிப் பயன் தருகிறது என்பதற்குச் சொல்லப்படும் இரண்டு விளக்கங்களில் ஒன்று இந்தக் கதவைப் பற்றியது: தமனி தள்ள, சிரை இழுக்க, சுற்றியுள்ள திசுநீர் முடிச்சுக்குள் புகுந்து சிரை வழியே வெளியேறுகிறது. மடலின் விளிம்பில் ஊசியால் செலுத்திய ஐசிஜி என்ற பச்சைச் சாயம் சிறிது நேரத்தில் அதே மடலின் சிரையில் ஒளிர்வதைக் கருவியில் பார்த்தவர்களுக்கு இந்த விளக்கத்தில் ஐயம் இராது. மற்றொரு விளக்கம், முடிச்சிலிருந்து சுரக்கும் விஇஜிஎஃப்-சி போன்ற வளர்ச்சிக் காரணிகளின் தூண்டுதலால் புதிய நிணநீர் நாளங்கள் முளைத்து, துண்டிக்கப்பட்ட பாதைகளை மீண்டும் இணைக்கின்றன என்பது. இரண்டும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. முதலாவது விரைவில் தொடங்குவது, இரண்டாவது மாதக்கணக்கில் நடப்பது.

மாற்று அறுவையில் முடிச்சின் நிணநீர் நாளங்களை நாம் வழக்கமாகத் தைப்பதில்லை. தமனியையும் சிரையையும் மட்டுமே இணைக்கிறோம். இந்தச் செய்தி புதிதாக வருபவர்களுக்கு வியப்பாக இருக்கும். உள்வரு நாளங்கள் அனைத்தும் வெட்டப்பட்ட நிலையிலேயே முடிச்சு புதிய இடத்துக்குப் போகிறது. அதன் இரத்த ஓட்டம் குறையின்றி இருந்தால்தான் அங்கே அது உயிர்த்திருக்கும்.

நோயாளியைத் தேர்வது பற்றிச் சுருக்கமாக

புற்றுநோய் அறுவையும் கதிர்வீச்சும், யானைக்கால் நோயை உண்டாக்கும் ஃபைலேரியா புழுக்கள், பிறவிக் குறைகள் ஆகியவை நிணநீர் வீக்கத்தின் முக்கியக் காரணங்கள். பன்னாட்டு நிணநீரியல் சங்கத்தின் வகைப்பாட்டில் 0 முதல் 3 வரை நிலைகள் உள்ளன. ஐசிஜி படத்தில் கோடு கோடாக நாளங்கள் தெரியும் தொடக்க நிலையில், நிணநீர் நாளத்தைச் சிறு சிரையோடு இணைக்கும் அறுவையே பெரும்பாலும் முதல் தேர்வு. கோடுகள் மறைந்து, சாயம் தோலில் புள்ளி புள்ளியாகவோ பரவலாகவோ தேங்கி நிற்கும்போது முடிச்சு மாற்று பேச்சுக்கு வருகிறது. வீக்கம் முழுவதும் கெட்டிக் கொழுப்பாகவும் நாராகவும் மாறிவிட்டிருந்தால் முடிச்சு அந்தக் கொழுப்பைக் கரைக்காது. அதற்குக் கொழுப்பு உறிஞ்சல் வேண்டும். அடங்காத புற்றுநோயும் ஆறாத தொற்றும் இருக்கும்போது இந்த அறுவை கூடாது. பெருஞ்சிரையில் அடைப்பு இருக்கிறதா என்று, இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் பார்க்காமல் தேதி குறிக்காதீர்கள். சிரை அடைப்பால் வீங்கிய கையை நிணநீர் வீக்கம் என்று எண்ணி ஏமாறுவது எளிது.

தொடையிடுக்கு: இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும்

கொரின் பெக்கர் என்ற பிரெஞ்சு அறுவை மருத்துவர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், மார்பகப் புற்றுநோய் அறுவைக்குப் பின் கை வீங்கிய 24 பெண்களுக்குத் தொடையிடுக்கு முடிச்சுகளை அக்குளில் பொருத்திய நீண்டகால விளைவுகளைத் தெரிவித்தார். அதன் பிறகே இந்த அறுவை பரவலாயிற்று. தழும்பு உள்ளாடைக்குள் மறைவதாலும், அடிவயிற்றுத் திசுவைக் கொண்டு மார்பகத்தை மீட்டமைக்கும்போது அதே மடலோடு சேர்த்து எடுக்க முடிவதாலும், இந்த இடம் இன்றும் பலருக்கு விருப்பமானது. கொடுக்கும் இடத்தில் வீக்கம் வருமோ என்ற அச்சம் மிகுதியாக இருப்பதும் இங்கேதான். இந்தப் பகுதியை ஒழுங்காகக் கற்றவர் மற்ற இடங்களை விரைவில் கற்றுக்கொள்வார்.

முதலில் தோலிலிருந்து உள்நோக்கி அடுக்குகளைச் சொல்லிப் பழகுங்கள். தோல், அதன் கீழே கேம்பர் எனப்படும் கொழுப்படுக்கு, அதற்கும் கீழே ஸ்கார்ப்பா எனப்படும் மெல்லிய படலம், பிறகு முடிச்சுகளும் மேலோட்டக் குழாய்களும் உள்ள கொழுப்பு, கடைசியாகத் தொடையின் ஆழ்படலமான ஃபேசியா லேட்டா. நமக்கு வேண்டியவை ஸ்கார்ப்பாவுக்கும் ஃபேசியா லேட்டாவுக்கும் இடையில் உள்ளன. ஆழ்படலத்தைத் தாண்டித் தொடைச் சிரையின் உட்பக்கமாக இருக்கும் ஆழ்முடிச்சுகள் காலுக்குரியவை. அங்கே நமக்கு எந்த வேலையும் இல்லை.

மேலோட்ட முடிச்சுகளைப் பாடநூல்கள் இரண்டு வரிசைகளாகச் சொல்லும். இடுப்பெலும்பின் முன் முனையிலிருந்து பூப்பெலும்புவரை செல்லும் நாணான இங்குவைனல் லிகமென்ட்டுக்குச் சற்றுக் கீழே அதற்கு இணையாகக் கிடப்பது கிடைவரிசை. காலின் உட்பக்கமாகத் தோலடியில் ஏறிவரும் நீள்சாஃபினஸ் சிரையின் கடைசிப் பகுதியை ஒட்டி நிற்பது நெடுவரிசை. காலில் முள் குத்தினால் நெறி கட்டுவது பெரும்பாலும் நெடுவரிசையில். காலின் மேலோட்ட நிணநீரில் பெரும்பங்கு அங்கேதான் வருகிறது. கிடைவரிசையின் உட்பாதி பிறப்புறுப்பு, ஆசனவாய்ப் பகுதி ஆகியவற்றின் வடிகால். அதன் வெளிப்பாதி, தொப்புளுக்குக் கீழான வயிற்றுச் சுவருக்கும் பிட்டத்துக்கும் உரியது. நாம் தேடுவது இந்த வெளிப்பாதியை மட்டும். 1948-இல் டேஸ்லரும் அவருடைய கூட்டாளிகளும் சாஃபினஸ் சிரை தொடைச் சிரையில் சேரும் புள்ளியை மையமாக வைத்து இந்த இடத்தை ஐந்து மண்டலங்களாகப் பிரித்தார்கள். அந்தக் கணக்கில் மேல்-வெளி மண்டலமே நம்முடையது. சேரும் புள்ளியைச் சுற்றியுள்ள மைய மண்டலத்தையும் உட்பக்க மண்டலங்களையும் தொடக்கூடாது.

இந்த விதியை எல்லைக் கோடுகளாகவே தோலில் வரைந்துகொள்ளலாம். இடுப்பெலும்பின் முன் முனையையும், பூப்பெலும்பு முகட்டையும் தொட்டுக் குறித்து, இரண்டையும் இணைக்கும் கோட்டை வரையுங்கள். தொடைத் தமனியின் துடிப்பைத் தொட்டு அதை ஒரு கோடாக இழுங்கள். தொடை மடிப்பை இன்னொரு கோடாக்குங்கள். தமனிக் கோட்டுக்கு உட்பக்கம் போவதில்லை, மடிப்புக்குக் கீழே போவதில்லை, ஆழ்படலத்துக்குள் போவதில்லை என்ற மூன்று தடைகளும் சேர்ந்தால் எஞ்சுவது ஒரு சிறு முக்கோணம். அதற்குள் கிடைப்பதே நமக்கு உரியது. அங்கே ஒன்றிரண்டு முடிச்சுகள்தாம் இருக்கின்றன என்றால் அந்த ஒன்றிரண்டோடு நிறுத்துவதே முறை. எண்ணிக்கையைக் கூட்டும் ஆசையில் கீழே ஒரு விரலளவு இறங்குவதே பெரும்பாலான விபத்துகளின் தொடக்கம் என்று நான் கருதுகிறேன்.

இனித் தமனி. சூப்பர்ஃபிஷியல் சர்க்கம்ஃப்ளெக்ஸ் இலியாக் தமனி, சுருக்கமாக எஸ்சிஐஏ, இங்குவைனல் லிகமென்ட்டுக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் கீழே தொடைத் தமனியிலிருந்து கிளைத்து, இடுப்பெலும்பு முனையை நோக்கி ஓடுகிறது. அதன் மேற்கிளை விரைவிலேயே படலத்தைத் துளைத்துக் கொழுப்புக்குள் வந்துவிடும். ஆழ்கிளை சார்ட்டோரியஸ் தசையின் வெளி விளிம்புவரை படலத்துக்குக் கீழேயே செல்லும். முடிச்சுகளுக்குரிய நுண்கிளைகள் இந்த அமைப்பிலிருந்தும், பக்கத்தில் அடிவயிற்றை நோக்கி ஏறும் சூப்பர்ஃபிஷியல் இன்ஃபீரியர் எப்பிகாஸ்ட்ரிக் தமனியிலிருந்தும், சுருக்கமாக எஸ்ஐஇஏவிலிருந்தும், வருகின்றன. எஸ்ஐஇஏவை நம்பிக் கிளம்ப முடியாது. டெய்லரும் டேனியலும் 1975-இல் செய்த உடற்கூறு ஆய்வில் 35 சதவீதத்தில் அது காணப்படவே இல்லை. 48 சதவீதத்தில் எஸ்சிஐஏவோடு ஒரே அடியிலிருந்து கிளைத்தது. 17 சதவீதத்தில் மட்டுமே தனியாகத் தோன்றியது. எஸ்சிஐஏவின் விட்டமும் சிறியது, காம்பும் குட்டையானது. பெறும் இடத்தில் அதற்கேற்ற சிறிய தமனியைத் தேடிவைப்பதை அறுவைக்கு முந்திய நாளே முடிவு செய்துவிட வேண்டும்.

தமனியைவிடச் சிரைகள் எளிதில் கண்ணில் படும். வெட்டிய சிறிது ஆழத்திலேயே இரண்டு நீலக் கோடுகள் தெரியும்: இடுப்பு முனையிலிருந்து வருவது ஒன்று, அடிவயிற்றிலிருந்து இறங்குவது மற்றொன்று. இவை இரண்டும் ஒன்றையொன்று நெருங்கும் சந்திப்பை ஒட்டிய கொழுப்பில்தான் நமக்குரிய முடிச்சுகள் வழக்கமாகக் கிடைக்கின்றன. நான் கற்பிக்கும்போது முடிச்சைத் தேடச் சொல்வதில்லை, இந்தச் சந்திப்பைத் தேடச் சொல்கிறேன். முடிச்சைக் கண்ணால் தேடுபவர் கொழுப்பைக் கிளறுவார். சிரைகளைப் பின்தொடர்பவர் முடிச்சு இருக்கும் கொழுப்புக் கட்டியை முழுதாக எடுப்பார். விரல் நுனியால் மெல்ல உருட்டிப் பார்த்தால், நெகிழ்ந்து நழுவும் கொழுப்புக்குள் சற்றே உறுதியான, வழுவழுப்பான ஒரு மணி அகப்படும். அதை இடுக்கியால் பிடிக்க வேண்டாம். உறை கிழிந்தால் முடிச்சு வீண்.

வெளிப்புறத்திலிருந்து உட்புறமாக, ஆழ்படலத்தின் மேற்பரப்பை ஒட்டி மடலைத் தூக்கிவரலாம். இடுப்பு முனைக்குச் சற்று உட்புறமாக வெளிவரும் தொடையின் பக்கவாட்டுத் தோல்நரம்பை அங்கே காப்பாற்ற வேண்டும். அது அறுந்தால் தொடையின் வெளிப்பக்கம் மரத்துப்போகும், சிலருக்கு எரிச்சலும் நீடிக்கும். உட்பக்க விளிம்பில் வெட்டப்படும் ஒவ்வொரு நிணநீர் நாளத்தையும் கிளிப் போட்டு மூடுங்கள். மின்சூட்டால் நிணநீர்க் கசிவு உறுதியாக நிற்பதில்லை. சில நாள்களில் நீர்க்கட்டு தோன்றும்.

எதிர்த்திசை வடிகால் வரைபடம்

கோடுகளும் விதிகளும் பெரும்பாலோருக்குப் பொருந்துபவை. மேசையில் படுத்திருப்பவர் அந்தப் பெரும்பாலோரில் ஒருவர்தானா என்பதை அறிய, ஜோசஃப் டேயனும் அவருடைய குழுவினரும் 2015-இல் விவரித்த எதிர்த்திசை வரைபட முறை உதவுகிறது. புற்றுநோய் அறுவையில் காவல் முடிச்சை, அதாவது ஒரு பகுதியின் நிணநீர் முதலில் போய்ச் சேரும் முடிச்சை, கண்டுபிடித்து எடுக்கிறோம் அல்லவா? இங்கே அதே கருவிகளைக் கொண்டு காவல் முடிச்சைக் கண்டுபிடித்து விட்டுவைக்கிறோம். பெயரில் உள்ள எதிர்த்திசை என்பதன் பொருள் இதுவே.

அறுவைக்கு முன்பு, முடிச்சு எடுக்கப்போகும் பக்கத்துப் பாதத்தின் விரலிடைகளில் டெக்னீசியம் கதிரியக்கத் துகள்களைச் செலுத்துகிறார்கள். அவை காலின் நாளங்கள் வழியே ஏறி, காலுக்குரிய முடிச்சுகளில் தங்கும். மேசையில் படுக்கவைத்த பிறகு அடிவயிற்றுத் தோலில் ஐசிஜியைச் செலுத்துகிறார்கள். அது வயிற்றுச் சுவருக்குரிய முடிச்சுகளைச் சென்றடையும். இப்போது காமா கருவி சத்தமிடும் இடம் காலுக்குரியது. அகச்சிவப்புக் கேமராவில் ஒளிரும் இடம் வயிற்றுக்குரியது. ஒளிர்வதும் சத்தமிடாததுமான முடிச்சுகளே எடுக்கத் தக்கவை. மடலைத் தூக்கிய பிறகு, காம்பைத் துண்டிப்பதற்கு முன், காமா கருவியை மடலின் மீதும் பிறகு படுகையின் மீதும் வைத்து இரண்டு எண்களையும் உரக்கச் சொல்லிக் குறித்துக்கொள்வது நல்ல பழக்கம். மடலில் எண் உயர்ந்து ஒலித்தால், அந்த முடிச்சை அதன் படுகையிலேயே விட்டுவிட்டு வேறு இடத்தைப் பார்க்க வேண்டும். அரை நாள் உழைப்பு வீணாயிற்றே என்ற எண்ணம் அந்த வேளையில் தலைதூக்கும். அறுவை தொடங்குவதற்கு முன்பே நோயாளியிடம் இரண்டாவது இடத்துக்கும் ஒப்புதல் வாங்கியிருந்தால் அந்த எண்ணத்துக்கு இடமிராது.

அகச்சிவப்பு ஒளி திசுவுக்குள் ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தான் ஊடுருவும். கொழுப்பு மிகுந்தவரிடம் தோலின் மேலிருந்து ஒன்றும் தெரியவில்லை என்பதால் முடிச்சே இல்லை என்று முடிவு செய்துவிடாதீர்கள்.

கழுத்தின் இரண்டு இடங்கள்

கால் வீக்கம் உள்ளவருக்கு மற்றத் தொடையிடுக்கிலிருந்து எடுப்பது மனத்துக்கு ஒப்பாத செயல். பிறவி வீக்கத்தில் நன்றாகத் தோன்றும் காலின் வடிகாலும் பலவீனமாக இருக்கக்கூடும். அப்போது கண் கழுத்துக்குப் போகிறது.

மோவாய்க்கு அடியில் உள்ள மடல், முகத் தமனியின் கிளையான சப்மென்டல் தமனியை நம்பியது. முகத் தமனி தோன்றிய இடத்திலிருந்து ஐந்தாறு சென்டிமீட்டர் தள்ளி, கீழ்த்தாடை உமிழ்நீர்ச் சுரப்பியை ஒட்டி இது கிளைக்கிறது. மைலோஹையாய்ட் தசையின் மேல் முன்னோக்கி ஓடுகிறது. டைகாஸ்ட்ரிக் தசையின் முன்வயிற்றை அடையும்போது ஏறத்தாழ 70 சதவீதத்தினரிடம் அதற்கு ஆழத்திலும், மற்றவர்களிடம் அதற்கு மேலாகவும் செல்கிறது. இதனால்தான் பலர் அந்தத் தசையின் ஒரு பகுதியையும் மடலோடு சேர்த்தே எடுக்கிறார்கள். முகத் தமனியையே காம்பாக எடுக்க முடிவதால் குழாய் பெரியது, தைப்பதும் எளிது. முடிச்சுகளில் சில சுரப்பிக்கும் தாடையெலும்புக்கும் நடுவே, முகக் குழாய்களின் முன்னும் பின்னும் ஒட்டிக்கிடக்கின்றன. சுரப்பியைப் பிரிக்கும்போது கவனம் தவறினால் அவை சுரப்பியோடே போய்விடும்.

இங்கே வடிகாலைவிட நரம்பே கவலைக்குரியது. கீழுதட்டைக் கீழிழுக்கும் தசைகளுக்குச் செல்லும் மார்ஜினல் மாண்டிபுலர் நரம்பு, பிளாட்டிஸ்மா தசைக்குக் கீழே, முகக் குழாய்களைக் குறுக்காகக் கடக்கிறது. டிங்மனும் கிராப்பும் 1962-இல் கண்டபடி, முகத் தமனிக்குப் பின்னால் 19 சதவீதத்தில் அது தாடையெலும்பின் கீழ் விளிம்புக்கும் கீழே, அதிகம் போனால் 1 சென்டிமீட்டர்வரை இறங்கியிருந்தது. தமனிக்கு முன்னால் விளிம்புக்கு மேலேயே ஓடியது. அவர்கள் பார்த்தது உயிரற்ற உடல்களில். தலையைப் பின்சாய்த்துத் திருப்பிய நிலையில், தளர்ந்த தோலுள்ள முதியவரிடம், நரம்பு இன்னும் தாழ்ந்திருக்கலாம் என்றே எண்ணிச் செயல்படுங்கள். நரம்புத் தூண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, உதட்டோரம் தெரியும்படி முகத்தை மறைக்காமல் விட்டு, மயக்க மருத்துவரிடம் தசைத் தளர்த்தி மருந்தைத் தவிர்க்கச் சொல்லிவைத்த பிறகே பிளாட்டிஸ்மாவைத் திறக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று விடுபட்டாலும் தூண்டியால் பயனில்லை. பிளாட்டிஸ்மாவின் உட்பகுதியைக் கூடியவரை விட்டுவைத்தால், நரம்பு நன்றாக இருந்தும் சிரிக்கும்போது உதடு கோணுகிற பொய்வாதத்தைத் தவிர்க்கலாம்.

காறையெலும்புக்கு மேலுள்ள மடலுக்குத் தமனி டிரான்ஸ்வெர்ஸ் செர்விகல். வழக்கமாகத் தைரோசெர்விகல் தண்டிலிருந்து வரும். சிலரிடம் சப்கிளேவியன் தமனியிலிருந்து நேராகவே கிளைக்கும். எல்லைகள் தெளிவானவை: முன்னே ஸ்டெர்னோகிளைடோமாஸ்டாய்ட் தசை, கீழே காறையெலும்பு, குறுக்கே செல்லும் ஓமோஹையாய்ட். தமனி ஓமோஹையாய்ட்டுக்கு ஆழத்தில், முன் ஸ்கேலீன் தசைக்கும் அதன் மேல் இறங்கும் ஃபிரெனிக் நரம்புக்கும் முன்னால் குறுக்காகப் போகிறது. ஸ்கேலீனின் மேலுள்ள படலத்தைக் கிழிக்காமல், கொழுப்பை அதன் மேலிருந்து மட்டும் தூக்கினால் ஃபிரெனிக் நரம்பும் கைநரம்புப் பின்னலும் கீழே பத்திரமாக இருக்கும். தோலுக்கு உணர்வு தரும் மேற்காறை நரம்புகளில் சிலவற்றை இழக்க நேரிடும் என்பதை நோயாளியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வலப்பக்கத்தையே தேர்வது வழக்கம். காரணம் மார்பு நாளம். அது இடது கழுத்தில் வளைந்து வந்து, உட்கழுத்துச் சிரையும் சப்கிளேவியன் சிரையும் கூடும் கோணத்தில் கலக்கிறது. அறுந்தால் பால் போன்ற நிணநீர் வழிவது நிற்க நாளாகும். வலப்பக்கத்திலும் சிறியதொரு நிணநீர்ப் பெருநாளம் உண்டு. ஆகவே வலம் என்றால் ஆபத்தில்லை என்று பொருள் கொள்ளாமல், சிரைக்கோணத்தை நெருங்கும்போது ஒவ்வொரு இழையையும் கட்டியே வெட்டுங்கள்.

அக்குளும் வயிறும்

மார்பின் பக்கவாட்டில், லேட்டரல் தொராசிக் தமனியை அல்லது தொராக்கோடார்சல் தமனியின் கிளைகளை நம்பிய மடலை எடுக்கலாம். முடிச்சுகள் நல்ல அளவில் கிடைக்கும். கையின் வடிகால் அக்குள் சிரையை ஒட்டியே வருவதால், அந்தச் சிரையை நோக்கி மேலேறாமல் தாழ்வாக நிற்க வேண்டும். கையில் டெக்னீசியம் செலுத்தி எதிர்த்திசை வரைபடம் எடுக்காமல் இங்கே கை வைப்பதை நான் ஏற்கமாட்டேன்.

வயிற்றுக்குள் உள்ள முடிச்சுகளின் சிறப்பு, அவற்றை எடுத்தால் கையோ காலோ வீங்குவதற்கு வாய்ப்பில்லை என்பது. இரைப்பையின் பெருவளைவிலிருந்து திரைபோல் தொங்கும் ஒமென்டத்தில், வலது கேஸ்ட்ரோஎப்பிப்ளோயிக் தமனியை ஒட்டி முடிச்சுகள் வரிசையாக உள்ளன. இரைப்பைப் புற்றுநோய்க்கான ஜப்பானிய வகைப்பாட்டில் 4டி, 6 என்று எண்ணிட்ட நிலையங்கள் இவையே. தமனி கேஸ்ட்ரோடுவோடினல் தமனியிலிருந்து வருகிறது. சிரை, குடற்படுகைப் பெருஞ்சிரையை நோக்கிச் செல்கிறது. லேப்பராஸ்கோப் வழியாக எடுக்கலாம், ஒரே நீளத்தை இரண்டாக்கி இரண்டு இடங்களில் பொருத்தலாம். குடலிலிருந்து கல்லீரலுக்கு இரத்தம் கொண்டுபோகும் போர்ட்டல் மண்டலத்துச் சிரைகளில் வால்வுகள் இல்லாததால், காலில் பொருத்தும்போது மடலில் இரத்தம் தேங்கி வீங்குவதைக் காண்கிறோம். இரு முனைகளிலும் சிரையைத் தைப்பது அதற்கு ஒரு மாற்று. சிறுகுடலைப் பின்சுவரோடு பிணைக்கும் மடிப்பான மீசென்டரியிலும் முடிச்சுகள் நிறைய உண்டு. அங்கே குடலுக்குச் செல்லும் வளைவுத் தமனிகளில் எதைக் கட்டினால் குடல் கறுக்கும் என்பதைத் தற்காலிகக் கவ்வி போட்டுப் பார்த்த பிறகே வெட்ட வேண்டும். ஏற்கெனவே பலமுறை வயிறு திறக்கப்பட்டவருக்கு இந்த இரண்டுமே ஏற்றவை அல்ல.

எங்கே பொருத்துவது

இதில் இரண்டு கட்சிகள் உண்டு. முடிச்சுகள் இழந்த அக்குளிலோ தொடையிடுக்கிலோ பொருத்த வேண்டும் என்பது ஒன்று. நீர் தாழ்ந்து தேங்கும் மணிக்கட்டிலோ கணுக்காலிலோ பொருத்த வேண்டும் என்பது மற்றொன்று. கதிர்வீச்சால் இறுகிய அக்குளில் அக்குள் சிரையை நெரிக்கும் தழும்பை வெட்டி நீக்குவதே ஒரு சிகிச்சை என்பதால், அத்தகையவருக்கு முதல் வழியை நான் விரும்புகிறேன். அங்கே தொராக்கோடார்சல் குழாய்களோ அவற்றின் கிளைகளோ கிடைக்கும். தழும்பை நீக்கிய பள்ளத்தில் மென்மையான படுகை தெரியும்வரை நிறுத்தக் கூடாது. தழும்பின்மேல் வைத்த முடிச்சிலிருந்து நாளங்கள் முளைப்பதில்லை.

மணிக்கட்டில் ரேடியல் தமனியின் முதுகுப்புறக் கிளையும் கைச்சிரைகளும், கணுக்காலில் முன் டிபியல் தமனியும் அதன் துணைச்சிரைகளும் பயன்படும். முழங்காலுக்குப் பின்னால் மீடியல் சூரல் குழாய்கள் பொருந்தும். பெருந்தமனியை அறுத்து நுனியோடு நுனி தைப்பதைவிட, அதன் பக்கத்தில் துளையிட்டு இணைப்பது பாதத்தின் இரத்த ஓட்டத்தைக் காக்கும். இந்த இடங்களில் தோல் இறுக்கமானது. மடலின் மேல் தோலை இழுத்து மூடினால் முதலில் நசுங்குவது சிரை. ஆகவே மடலோடு தோல்தீவு ஒன்றையும் எடுத்து வைப்பது, மூடவும் நிறம் பார்த்துக் கண்காணிக்கவும் உதவும். மூடிய பிறகு தோல்தீவு ஊதா நிறம் காட்டினால், கட்டை மாற்றிப் பார்ப்பதில் நேரம் போக்காமல் அப்போதே தையலைப் பிரியுங்கள். தோல் ஒட்டு போட்டுச் சற்று அழகு குறைந்தாலும் முடிச்சு பிழைக்கும். பின்னாளில் மேடாக இருக்கும் தோலைக் குறைத்துக்கொள்ளலாம்.

அறுவைக்குப் பின்

அழுத்தப் பட்டையை எப்போது மீண்டும் தொடங்குவது என்பது அரங்குக்கு அரங்கு மாறுகிறது; மடலின் மேல் நேரடி அழுத்தம் படாமல் பார்த்துக்கொள்வதில் மட்டும் கருத்து வேற்றுமை இல்லை. சுற்றளவு குறையத் தொடங்குவதற்கு மாதங்கள் ஆகும் என்பதையும், அதற்கு முன்பே திரும்பத் திரும்ப வரும் தோல் அழற்சிக் காய்ச்சல்கள் அரிதாகிவிடக்கூடும் என்பதையும் நோயாளிக்குச் சொல்லிவையுங்கள். பலர் முதலில் உணர்ந்து சொல்வது இந்த மாற்றத்தைத்தான்.

அளவு எடுக்கும் தாளில் நான்கு பத்திகள் போடுங்கள். வீங்கிய உறுப்புக்கும் அதன் இணைக்கும் இரண்டு. முடிச்சு எடுத்த பக்கத்து உறுப்புக்கும் அதன் இணைக்கும் இரண்டு. தொடையிடுக்கிலிருந்து எடுத்திருந்தால் கணுக்காலிலும், முழங்காலுக்குக் கீழும் மேலும், ஒவ்வொரு முறையும் ஒரே எலும்பு முகட்டிலிருந்து அளந்த அதே தொலைவில் நாடாவை வைக்க வேண்டும். அறுவைக்கு முந்திய நாளின் எண்கள் அந்தத் தாளின் முதல் வரியில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால், பின்னொரு நாள் நோயாளி அந்தக் கால் கனக்கிறது என்று சொல்லும்போது ஒப்பிட்டுப் பார்க்க உங்களிடம் எதுவும் இராது.